ஒயர் ஃபாக்ஸ் டெரியருக்கு மெஷின் போடலாமா, கையால்தான் எடுக்கணுமா?

ஹாரோவாசி:
எங்கள் வீட்டில் ஒரு ஒயர் ஃபாக்ஸ் டெரியர் நாய் இருக்கிறான். பெயர் பிஸ்தா, இரண்டு வயது ஆகப்போகிறது. லண்டனில் இருக்கிறோம். குட்டியைத் தரும்போதே பிரீடர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இவனுக்கு முடிவெட்டும் மெஷின் போடவே கூடாது, முடியைக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று. பக்கத்துத் தெருவில் நாய்களுக்கு முடி திருத்துகிற குரூமரைக் கேட்டால், நாய்க் கண்காட்சி ஷோவுக்குப் போகாத நாய்க்கு அதெல்லாம் எதற்கு, மெஷினால் கிளிப் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார். கையால் எடுக்கிற இன்னொருவர் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறார், காசு ஏறக்குறைய இரண்டு மடங்கு, மூன்று மணி நேரமாவது ஆகுமாம். என் மனைவிக்கு முடியைப் பிடுங்குவது என்று கேட்டாலே உடம்பு கூசுகிறது. இவனுக்கோ முதுகில் முடி இரண்டாகப் பிரிந்து, கொத்துக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஏதாவது செய்தாக வேண்டும். வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

கத்தரியக்கா:
தம்பி, லீட்ஸில் பல வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: மெஷின் வேண்டாம். உங்கள் பிஸ்தாவுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே முரட்டு முடி, அதற்கடியில் குளிர் தாங்க மெத்தென்ற உள்முடி. மேல்முடியில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், நுனிப்பக்கம் தடிப்பாக, நல்ல நிறமாக இருக்கும், வேர்ப்பக்கம் மெலிந்து வெளுத்திருக்கும். மெஷின் போடும்போது அந்தத் தடித்த பாதிதான் தரையில் விழுகிறது, மெலிந்த பாதி தோலிலேயே நின்றுவிடுகிறது. செத்த முடி தன் இடத்தைக் காலி செய்யாததால் புது முடி முளைப்பதும் தள்ளிப்போகிறது. நாலைந்து தடவை இப்படிச் செய்தால் செம்பழுப்பு மணல் நிறமாகிவிடும், கறுப்பு சாம்பல் பூத்துவிடும், தடவிப் பார்த்தால் பஞ்சு. நாய் இனங்களுக்கு விதி வகுக்கிற அமெரிக்க கென்னல் கிளப் இந்த இனத்துக்கு எழுதி வைத்திருக்கிற இலக்கணத்தில் முடி தேங்காய் நார்ப்பாய் போல இருக்க வேண்டும் என்றே இருக்கிறது, விரலால் விலக்கினாலும் தோல் தெரியக்கூடாதாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. மெஷின் போட்ட நாய் மேல் அந்தப் பாயைத் தேடினாலும் கிடைக்காது.

உங்கள் வீட்டம்மா பயப்படுவது நியாயம்தான். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி முடி பிரிந்து தூக்கி நிற்கிறது என்றால் அது பழுத்துவிட்டது, வளர்ச்சி நின்று தானாகவே கழன்று வருகிற நிலை. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளர்கிற திசையிலேயே சில இழைகளாக எடுத்தால் பெரும்பாலான நாய்கள் சும்மா நிற்கும். என் மேஜையில் சில நாய்கள் தூங்கி வழியும்.

அண்ணாநகர்_அப்பு:
வந்துட்டாங்கய்யா. அக்கா, மன்னிக்கணும், இந்த மூன்று மணி நேர வேலை நாய்க்காகவா, நமக்காகவா? நிறம் மங்கினால் நாய்க்கு என்ன நஷ்டம்? கண்ணாடி பார்த்துக் கவலைப்படுகிறதா?

நான் சென்னையில் ஒயர் வளர்க்கிறேன். இங்கே இந்த வேலை ஒழுங்காகத் தெரிந்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நாய்க்கு வயதாகிவிடும். தெரிந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவரிடம் விட்டேன், திரும்பி வரும்போது கழுத்தடியில் தோல் சிவந்து தடித்திருந்தது, பிறகு யார் கை பட்டாலும் முறைத்தான். அன்றோடு முடிவு செய்தேன், மெஷின்தான். மே மாத வெயிலில் அவனும் நிம்மதியாக இருக்கிறான், உண்ணி இருந்தாலும் உடனே கண்ணில் படுகிறது. ஹாரோவாசி சார், பிரீடர் சொன்னது அவருடைய ஷோ கணக்கு, நீங்கள் கோப்பை வாங்கப் போவதில்லையே. மிச்சமாகிற பவுண்டில் நல்ல சாப்பாடு வாங்கிப் போடுங்கள்.

கத்தரியக்கா:
அப்பு தம்பி, உங்கள் நாய்க்கு நடந்தது எனக்கும் கோபம்தான் வருகிறது. ஆனால் நீங்கள் சொன்ன இடத்தைப் பாருங்கள், கழுத்தடி. தொண்டை, வயிறு, தொடை இடுக்கு, பின்பக்கம், காது இதெல்லாம் மெல்லிய தோல். அங்கே நாங்களே கத்தரியோ மெஷினோதான் போடுவோம், பிடுங்குவதில்லை. வேலை தெரியாத கையை வைத்து வேலையையே குறை சொன்னால் எப்படி?

அப்புறம் அந்த வெயில் விஷயம். நாய் உடம்பு முழுக்க நம்மைப் போல வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை இறக்கும், கொஞ்சம் பாதத்தில் வியர்க்கும். ஒட்ட வெட்டினால் காற்று வாங்கும் என்பது நம் தலையை வைத்து யோசிப்பது. இந்த இனத்தில் பெரும்பகுதி வெள்ளை, அதற்குக் கீழே தோல் வெளிர் சிவப்பு. 10 நம்பர் பிளேடு போட்டால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும், அதோடு சென்னை வெயிலில் விட்டால் தோல் வெந்துபோகும். செத்த உள்முடியை வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும், அதுதான் உண்மையில் குளிர்ச்சி.

அண்ணாநகர்_அப்பு:
நான் 10 எங்கே போட்டேன் என்று சொன்னேன்? அதைவிட நீளமாக விடுகிற 5எஃப் பிளேடு போடுகிறார்கள், முடி நன்றாகவே மிஞ்சுகிறது. மதியத்தில் வெளியே விடுவதும் கிடையாது. மெஷின் என்றாலே மொட்டை என்று நீங்களே ஒன்றை நினைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்கிறீர்கள்.

தோல்டாக்டர்:
கோவையில் கால்நடை மருத்துவர், தோல் கேஸ்கள்தான் அதிகம் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள்.

முதலில் அக்காவுக்கு. முடி சுழற்சியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. வளர்கிற முடியின் வேர் தோலுக்குள் ஆழமாக, ரத்த ஓட்டத்தோடு ஒட்டியிருக்கும், அதைப் பிடுங்கினால் நிச்சயம் வலிக்கும். ஓய்வுக்கு வந்த முடி அந்தப் பிடிப்பை விட்டிருக்கும், லேசாக இழுத்தால் வரும். ஆக ஸ்ட்ரிப்பிங், அதாவது இப்படிக் கையால் முடி எடுப்பது, வலிக்குமா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை, எந்த முடியை, எப்போது, எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். ஆனால் மெஷின் போட்டால் தோல் நோய் வரும் என்று பல குரூமர்கள் பயமுறுத்துகிறார்கள் (நீங்கள் இங்கே சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன்), அப்படி நேரடியாக முடிச்சுப் போடுகிற அளவுக்கு நான் எதுவும் பார்த்ததில்லை. ஃபாக்ஸ் டெரியருக்கு அலர்ஜித் தோல் வருகிற வாய்ப்பு பிறவியிலேயே கொஞ்சம் அதிகம். அரித்துக்கொண்டு கால் நக்குகிற நாயைக் கொண்டுவந்து, டாக்டர் மெஷின் போட்டதால் வந்துவிட்டது என்பார்கள். காரணம் மெஷின் இல்லை, அலர்ஜி.

இன்னொன்று, அரிப்போ புண்ணோ சீழ்க்கொப்புளமோ இருக்கும்போது ஸ்ட்ரிப் செய்யவே கூடாது. முடி வந்த துளைகள் திறந்திருக்கும், அதில் கிருமி போனால் துளைக்குத் துளை கொப்புளம். அதனால் நன்றாக இருக்கிற நாய்க்குமே ஸ்ட்ரிப் செய்த அன்றே காரமான ஷாம்பு, வாசனை ஸ்பிரே எதுவும் வேண்டாம் என்கிறேன்.

இப்போது அப்பு சாருக்கு. அது வெறும் ஷோ அலங்காரம் இல்லை. 2009இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களை வைத்து விளக்கியது. அதில் ஆர்எஸ்பிஓ2 என்பதில் இருக்கும் ஒரு மாற்றம்தான் தாடி, மீசை, புருவம், முரட்டு முடி எல்லாவற்றையும் தருகிறது. இந்த வகை நாய்கள் முடியை அதிகம் உதிர்ப்பதில்லை, செத்த முடியும் உடம்பிலேயே தங்கிவிடும். முன்பு வேட்டையில் புதரிலும் வளையிலும் புகுந்து உரசி வரும்போது ஓரளவு போயிருக்கும், சோபாவில் படுத்திருக்கிற நாய்க்கு அந்த வழியும் இல்லை. யாராவது எடுத்துவிடத்தான் வேண்டும். மெஷின் நீளத்தைக் குறைக்கும், செத்ததை எடுக்காது.

அண்ணாநகர்_அப்பு:
டாக்டரே சொல்லிவிட்டார், மெஷினால் நோய் வராது. எனக்கு அது போதும்.

புதரில் புகுந்த கதைக்கே வருகிறேன். நரி வளைக்குள் இறங்கிய அந்தக் காலத்து ஒயர்களின் பழைய படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? இன்றைக்கு ஷோவில் வருகிற இந்தத் தூண் கால், செவ்வகத் தாடி எதுவும் கிடையாது. கால் முடி கொஞ்சம், தாடி கொஞ்சம், அவ்வளவுதான். இன்றைய உருவம் ஷோ வளையத்தில் செதுக்கியது. அமெரிக்காவின் வெஸ்ட்மின்ஸ்டர் நாய் ஷோவில் வேறு எந்த இனத்தையும்விட அதிக தடவை முதல் பரிசு வாங்கியதே ஒயர் ஃபாக்ஸ்தான், 2014இல் வாங்கியது, 2019இல் மறுபடி. அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டு நாயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசை. நாய் இனத்தின் பாரம்பரியம் என்று எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

கத்தரியக்கா:
தூண் காலைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நானும் வீட்டு நாய்களுக்குக் காலையும் தாடியையும் குறைத்தே விடுவேன், சேறு ஒட்டாமல் இருக்கட்டும் என்று. ஆனால் பேச்சு முதுகைப் பற்றி. அந்தப் பழைய படத்து நாய்க்கும் முதுகில் இருந்தது முரட்டு முடிதானே? தண்ணீரும் முள்ளும் உள்ளே இறங்காததே அதனால்தான். இன்றைக்கும் பிரிட்டிஷ் கென்னல் கிளப் விதிப்படி முதுகில் சுமார் 4 சென்டிமீட்டர், தோளில் 2. இது அலங்காரம் என்றால் எனக்குப் பதில் இல்லை.

குன்னூர்_கிழவர்:
சண்டை நன்றாகப் போகிறது, நடுவில் ஒரு வார்த்தை. ஹாரோவாசி தம்பி, மூன்று மணி நேரம், இரண்டு மடங்கு காசு, இதெல்லாம் மொத்தமாக விட்டு மொத்தமாக எடுப்பதால் வருவது. நான் வீட்டிலேயே செய்கிறேன். சாயங்காலம் செய்தி பார்க்கும்போது மடியில் போட்டுக்கொண்டு பழுத்ததை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, வாரம் ஒன்றிரண்டு தடவை போதும். எப்போதும் ஒரு பகுதி பழையது, ஒரு பகுதி புதியது என்று சுழன்றுகொண்டே இருக்கும், நாய் ஒருநாளும் உரித்த கோழியாக நிற்காது. விரலுக்கு ரப்பர் உறை, வழுக்கினால் கொஞ்சம் சாக் பொடி, கழுத்துப் பக்கம் முடி நழுவாமல் பிடிக்க உரசும் கல். கத்தி வாங்கவே இல்லை. முக்கியமாக, குளிப்பாட்டிவிட்டுத் தொடங்காதீர்கள், சுத்தமான முடி கையில் நிற்காது.

ஆனால் அப்பு சொல்வதையும் முழுக்கத் தள்ள மாட்டேன். எங்கள் பழைய பெண் நாய்க்குப் பதிமூன்று வயதில் இடுப்பு வலி, பத்து நிமிஷம் நிற்க முடியாது. அவளுக்கு மெஷின்தான் போட்டோம். கருத்தடை செய்த பிறகு முடியும் மென்மையாகிப்போய் எடுக்க வராமல் இருந்தது. கொள்கைக்காக ஒரு கிழ நாயை மேஜையில் நிற்க வைப்பது பாவம்.

கத்தரியக்கா:
ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வயதான நாய், நோயாளி நாய், தொட்டாலே நடுங்குகிற மீட்பு நாய், இவற்றுக்கு நானே மெஷின் எடுப்பேன். பிஸ்தா இரண்டு வயதுப் பையன், அவனுக்கு இந்தச் சலுகை வேண்டாம்.

ஹாரோவாசி தம்பி, ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரிப்பிங் என்று போர்டு போட்டவர்கள் எல்லோரும் ஸ்ட்ரிப் செய்வதில்லை. கூர்மையான ஸ்ட்ரிப்பிங் கத்தியை மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி இழுப்பார்கள், முடி வேரோடு வராது, நடுவில் அறுந்துவிடும். காசு மட்டும் ஸ்ட்ரிப்பிங் காசு. கத்தி பிடிப்புக்குத்தான், வெட்டுக்கு இல்லை. மேஜையில் விழுந்த முடியை ஒரு பிடி எடுத்துப் பாருங்கள், ஒரு முனை வெளுத்து மெலிந்திருந்தால் முழுசாக வந்திருக்கிறது, இரண்டு முனையும் ஒரே நிறம் என்றால் அறுத்திருக்கிறார். இந்த நாட்டில் குரூமராக லைசென்ஸ் எதுவும் வேண்டாம், நாளைக்கே யாரும் கடை திறக்கலாம். சிட்டி அண்ட் கில்ட்ஸ் என்கிற தொழிற்கல்வி அமைப்பின் சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள் உண்டு, அதைக் கேளுங்கள், அதோடு எந்த இடத்தையெல்லாம் கையால் எடுக்க மாட்டீர்கள் என்றும் கேளுங்கள். எல்லா இடத்தையும் எடுப்பேன் என்றால் நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஹாரோவாசி:
எல்லோருக்கும் நன்றி. குன்னூர் ஐயா சொன்னபடி முதுகில் நாலு முடி எடுத்துப் பார்த்தேன், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டையில் முயன்றபோது வரவில்லை, விட்டுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: அவசரத்துக்கு ஒரு தடவை மெஷின் போட்டுவிட்டால் அதோடு கோட், அதாவது அந்த முரட்டு முடி, போய்விடுமா?

தோல்டாக்டர்:
போகாது. தோலுக்குள் இருக்கிற வேர் அப்படியேதான் இருக்கிறது. புது முடி வளரும்.

கத்தரியக்கா:
வளரும், ஆனால் திரும்பக் கொண்டுவருகிற வேலை எங்கள் தலையில். வெட்டுப்பட்ட குட்டை முடியைப் பிடிக்கவே முடியாது, நீளும்வரை காத்திருந்து, இரண்டு மூன்று சுற்று எடுத்தால்தான் முரடு திரும்பும். வருஷக்கணக்கில் மெஷின் போட்ட நாய் என்றால் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தோள்பட்டையைப் பற்றி, அங்கே இன்னும் பழுக்கவில்லை, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

அண்ணாநகர்_அப்பு:
லண்டனில் ஆள் கிடைக்கிறார், குளிர் இருக்கிறது, நாயும் ஒத்துழைக்கிறது, எடுங்கள் சார், யார் வேண்டாம் என்றது. என் பேச்சு எங்கள் ஊருக்கு. கிளிப் செய்த பிறகு உள்முடியை வாரி எடுத்தால் நிறம் கொஞ்சமாவது நிற்கும் என்று யாரோ சொன்னார்களே, அக்கா, அது உண்மையா?

கத்தரியக்கா:
உண்மைதான். கிளிப் செய்வதற்கு முன்னாலேயும் ஒரு தடவை வாருங்கள், மெல்லிய பல் ரேக் (உள்முடி வாரும் சீப்பு) வைத்து, முடி வளர்கிற திசையில், தோலைச் சுரண்டாமல். செத்த உள்முடி எவ்வளவு வருகிறதோ அவ்வளவு நல்லது. நார்ப்பாய் ஆகாது, பஞ்சாகவும் ஆகாது. கழுத்தடிக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள், அவன் ஏற்கனவே பயந்திருக்கிறான்.