பப்ளிசிட்டி கோச்சிங் தனியா தொடங்கலாமா, மட்டக்களப்பில?

கல்லடிப் பொண்ணு:
சின்ன யாவாரம் செய்யிற பொம்பிளையளுக்கு பத்திரிகை, ரேடியோவில எப்பிடி இடம் பிடிக்கிறதெண்டு சொல்லிக்குடுக்கிற வேலையத் தனிய தொடங்கப் பாக்கன், பிரஸ் ரிலீஸ் (பத்திரிகைக்கு அனுப்புற செய்தி அறிக்கை) எழுதுறது, பேட்டிக்கு ரெடியாக்குறது எல்லாம் எனக்கு வரும், ஆனா இதுக்கும் காசா எண்டு கேக்காங்க. எவ்வளவு வாங்குற, ஆர்ட்ட தொடங்குற?

மருதமுனைத் தறி:
எல்லாருக்கும் எண்டு போகாதீங்க. எங்கட பக்கம் கைத்தறிச் சாரி, சாரன் செய்யிற ஆக்கள் கனபேர், கதை சொல்லத்தான் ஆள் இல்ல. "எங்கட சாரி நல்லம், வாங்குங்க" எண்டு எழுதினா எடிட்டர் விளம்பரப் பிரிவுக்குத்தான் தள்ளுவார். மூணு தலைமுறையா நெய்யிற வீடு எண்டா அது செய்தி. மார்ச் 8 மகளிர் தினத்துக்கு பத்திரிகைக்காரர் பொம்பிளையள்ட கதை தேடுவாங்க, பெப்ரவரி நடுவிலயே அனுப்பிரணும், 7ம் திகதி அனுப்பி வேலையில்ல.

ஆரையம்பதி அக்கா:
தங்கச்சி, பேப்பர்ல வரும் எண்டு மட்டும் வாக்குக் குடுத்திராத கா, அது எடிட்டர்ட கையில. நீ விக்கிறது பயிற்சி, அதை முதலே எழுத்தில குடு, பாதிக் காசு அட்வான்ஸ். மணித்தியாலக் கணக்கு வேணாம், பெக்கேஜா சொல்லு: ஒரு அறிக்கை, நல்ல போட்டோ ரெண்டு, பேட்டிக்கு ஒருக்கா ஒத்திகை. மறுகா பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிஞ்சிரு, அந்தப் பேரில பேங்க் கணக்குத் திறக்க அதத்தான் கேப்பாங்க.

கல்லடிப் பொண்ணு:
முதல் ஆளுக்கு சும்மா செய்து குடுக்கவா அக்கா?

ஆரையம்பதி அக்கா:
சும்மா வேணாம், குறைச்சு வாங்கு. சும்மாண்டா போட்டோவும் அனுப்பமாட்டாங்க, போனும் எடுக்கமாட்டாங்க.