வாட்ச் பேப்பர்: 'கடிகாரத்தாள்' சரிவருமா?

வணக்கம்.

'வாட்ச் பேப்பர்' என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடலில் வந்த 'கடிகாரத்தாள்' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டவுடன் முள் சுற்றும் முகப்பில் ஒட்டிய தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பொருள் அது இல்லை, பழைய பாக்கெட் கடிகாரத்தின் இரண்டு உறைகளுக்கு நடுவே வைத்த வட்டத் தாள்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாக்கெட் கடிகாரங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு உறைகள். இயந்திரம் உள்ளுறையில் இருக்கும், அதை அப்படியே வெளியுறைக்குள் வைத்து மூடுவார்கள். நடுவே வட்டமாக வெட்டிய தாள் ஒன்றைப் போட்டால் உலோகத்தோடு உலோகம் உரசாது, ஆட்டமும் குறையும். வேலை அவ்வளவுதான். ஆனால் வெளியுறையைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும் இடமாயிற்றே, கடைக்காரர் சும்மா விடுவாரா? செப்புத்தகட்டில் செதுக்கித் தன் பெயர், தெரு, அரிவாளும் மணற்கடிகாரமுமாக நிற்கும் காலக்கிழவர் (காலத்தை முதியவராக உருவகிக்கும் 'ஃபாதர் டைம்') என்று அச்சடித்துவிட்டார். பழுதுபார்த்த தேதியைப் பின்பக்கம் பேனாவால் குறித்து வைப்பதும் உண்டு.

ஆனாலும் 'விளம்பரத்தாள்' என்ற பெயர் வேண்டாம். விளம்பரம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டதுதான், துண்டறிக்கையோடும் குழம்பும். தவிர, சில தாள்களில் விளம்பரத்தைவிட உருப்படியான ஒரு சங்கதி இருந்தது: நிழற்கடிகாரத்துக்கும் இயந்திரக் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் அட்டவணை. நவம்பர் தொடக்கத்தில் நிழல் சுமார் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். வெயிலைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்த காலத்தில் அந்தக் கணக்கு கையோடு இல்லாமல் முடியாது.

'வில்லை' என்று முதலில் யோசித்தேன். வட்டம் என்பது தானாக வந்துவிடும், அஞ்சல்வில்லை என்ற முன்மாதிரியும் இருக்கிறது. ஆனால் 'கடிகார வில்லை' என்றால் பாதிப் பேர் மேலே இருக்கும் கண்ணாடி என்று நினைப்பார்கள். சரி, அதை விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை 'உறையிடைத்தாள்'. எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. மெல்லிய துணியில் பூவேலை செய்து அன்பளிப்பாகக் கொடுத்தவையும் உண்டு, அவற்றை 'உறையிடைத்துணி' என்றுவிடலாம். கடிகாரத்துக்கு 'இரட்டையுறைக் கடிகாரம்'.

நீளமாக இருக்கிறதே, 'இடைத்தாள்' போதாதா என்று யாராவது கேட்பீர்கள். அச்சகத்தில் ஈர மை ஒட்டாமலிருக்க நடுவில் செருகும் தாளுக்கும் அதுவே பொருந்துமே. அதனால்தான் 'உறை'யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.