குன்னூர் ஏற்றத்தில் வாங்கும் மூச்சு

மலைக்காற்று சுத்தமானது, எவ்வளவு மூச்சு வாங்கினாலும் உடம்புக்கு நல்லதுதான் என்று இந்தக் குழுவில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சோலைக்குள் நடப்பவர்களுக்கு அது சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சைக்கிள் மிதிக்கும் எனக்கு அனுபவம் வேறு.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் பிடித்துக்கொள்ளும். குன்னூர் சேர்வதற்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். பர்லியாறு பழக்கடைகள் வருவதற்கு முன்பே மூக்கு போதாமல் வாய் திறந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு பழைய லாரி முதல் கியரில் உறுமிக்கொண்டு வரும். கொண்டை ஊசி வளைவில் நாம் திணறும் அதே இடத்தில்தான் அதன் இன்ஜினும் திணறிக் கரும்புகை கக்கும். மெதுவாக ஏறுவதால் சட்டென்று விலகியும் போகாது. மேலே போய் முகத்தைத் துடைத்தால் கர்சீப்பில் கரி. ராத்திரி வரை தொண்டை கமறும், காறினால் சளியில் கறுப்புத் திட்டு. அதே பாதையில் பஸ்ஸில் வந்த நண்பருக்கு ஒன்றுமே இல்லை.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். கடும் ஏற்றத்தில் அது 60, 80 லிட்டர் வரை போகும். காற்று ஒன்றுதான், உள்ளே போகும் புகை பத்து மடங்கு. மூக்கு வடிகட்ட வேண்டிய தூசு வாய் வழியே நேராக இறங்குகிறது. டீசல் புகையின் துகள்களோ பெரும்பாலும் 2.5 மைக்ரானைவிடச் சிறியவை (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆழமாக இழுக்கும்போது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்ப் படியும். காற்றுத் தர எண் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பது அதில் வராது.

மே சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்குவார்கள். அப்போது குன்னூர் பாதையில் எல்லா இன்ஜினும் ஏற்றத்தில்தான் முக்கும். அந்த நாட்களில் அங்கே மிதிக்கவே வேண்டாம் என்பேன். துணி மாஸ்க் இந்த நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அந்த ஏற்றம் ஏறுவது பெரும்பாடு. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஊட்டி நண்பர்களுக்கு: பனிக்கால விடியலில் பள்ளமான பகுதிகளில் ஓடாதீர்கள். குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடுவதால் விறகுப் புகை மேலே எழும்பாது. வெயில் ஏறட்டும்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்கள் சீசனில் எந்த நேரத்தில் ஓடுகிறீர்கள்? எழுதுங்கள்.