தாயின் தொழிலைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு மாணவியை அனுப்பிவிடச் சொல்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி – கரும்பலகை

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றின் சிற்றூரில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் ஊரில் ஒரு வாடகை வீட்டில் காவல்துறை சோதனை நடத்தி, பாலியல் தொழில் செய்ததாக மூன்று பெண்களை அழைத்துச் சென்றது. மறுநாள் நாளிதழில் ‘அழகிகள் சிக்கினர்’ என்ற தலைப்பும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் அவர்களின் படமும் வந்தன. பெயர் போடவில்லை. ஆனால் தெருவின் பெயரும் வயதும் இருந்தன. சிறிய ஊரில் அதுவே போதுமானதாகிவிட்டது. அவர்களில் ஒருவர் என் வகுப்பு மாணவியின் தாய்.

தாய் ஜவுளிக் கடையில் வேலை செய்வதாகவே அந்தப் பெண் நம்பியிருந்தாள். உண்மையை ஒரு வகுப்புத் தோழியின் வீட்டுக் கைப்பேசியில், வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய அந்தப் படத்தின் மூலம் தெரிந்துகொண்டாள். இப்போது கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பெற்றோர் பதினைந்து பேர் தலைமையாசிரியரைச் சந்தித்து, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அவளை அனுப்பிவிடுமாறு கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட வரச் சொன்னபோது, பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு வரலாமா என்று அந்தத் தாய் தொலைபேசியில் கேட்டார். ஐந்தரை மணிக்கு வந்து, நின்றபடியே கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

பள்ளி அவளை அனுப்ப முடியுமா? சட்டம் அந்தத் தாயை எந்த இடத்தில் வைத்திருக்கிறது? வகுப்பில் மற்ற பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வது?

பதில் 1 – வழக்கறிஞர், திருச்சி

அம்மா, முதல் கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16-ஆம் பிரிவின்படி, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. மனரீதியாகத் துன்புறுத்துவதை 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் நடைமுறையில் யாரும் ‘நீக்கம்’ என்று எழுத மாட்டார்கள். தாயை அழைத்து, அவராகவே விரும்பி மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்படி எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம் என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. குழந்தைக்குத் தொல்லை தொடர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. விபசாரத் தடுப்புச் சட்டம் என்று வழக்கில் சொல்லப்படும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தின் பேரில் இத்தொழிலில் இருப்பதை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. விபசார விடுதி நடத்துவது, தரகு வேலை பார்ப்பது, பொது இடத்தில் ஆள் அழைப்பது, பள்ளி, கோயில், மருத்துவமனை போன்றவற்றுக்கு 200 மீட்டருக்குள் தொழில் செய்வது ஆகியவையே குற்றங்கள். ஆயினும் இரண்டு பெண்கள் தங்கள் பாதுகாப்புக்காக ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருவரும் வருமானம் ஈட்டினால், அந்த வீடு சட்டத்தின் பார்வையில் விபசார விடுதியாகிவிடுகிறது. துணையோடு இருந்தால் வழக்கு வருகிறது, தனியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து வருகிறது. 4-ஆம் பிரிவு இன்னும் கொடியது: 18 வயது நிறைந்த எவரும் மற்றொருவரின் இத்தொழில் வருமானத்தில் தெரிந்தே வாழ்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. உங்கள் மாணவி நாளை கல்லூரிக்குப் போய், கட்டணத்தைத் தாய் கட்டினால், சட்டத்தின் எழுத்துப்படி அந்தப் பெண்ணும் அதற்குள் வந்துவிடுகிறாள்.

உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பிறப்பித்த வழிகாட்டுதல்களைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். 1999-இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டதில் தொடங்கிய வழக்கு அது. தாய் இத்தொழிலில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையை அவரிடமிருந்து பிரிக்கக் கூடாது. சோதனையின்போதோ கைதின்போதோ ஊடகங்கள் அடையாளத்தை வெளிப்படுத்தக் கூடாது. ஆணுறைகளைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. இப்பெண்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளும் விடுதிகளும் வேண்டும் என்று கௌரவ் ஜெயின் என்ற வழக்கறிஞர் முன்னர் வழக்குத் தொடுத்தபோது, அப்படி ஒதுக்கி வைப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்று அதே நீதிமன்றம் அதை மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில் 2 – இரு பெண்களின் தந்தை

மனம் புண்படும்படி எழுத நான் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து பெற்றோரில் ஒருவனாக நான் இருந்திருக்கக் கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு யார் வருகிறார்கள், அந்தக் குழந்தை எதைப் பார்த்து வளர்கிறது என்ற அச்சம் எங்களுக்கு இருக்காதா? வீட்டு வேலை, தையல், நூறு நாள் வேலை என்று எத்தனையோ பெண்கள் கௌரவமாகப் பிழைக்கிறார்களே, இவர் ஏன் விட்டுவிடக் கூடாது?

பதில் 3 – களப்பணியாளர்

ஐயா, மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. நான் ஒன்பது ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தேன். அதன் பிறகு பதினொரு ஆண்டுகள் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சகக் கல்வியாளராக, அதாவது இதே தொழிலில் இருக்கும் பெண்களுக்கு நோய்த் தடுப்பைச் சொல்லித் தருபவளாக, வேலை செய்தேன்.

நான் வீட்டு வேலைக்கும் போனேன். மூன்று வீட்டில் பாத்திரம் துலக்கினேன். நான்காம் மாதத்தில் யாரோ ஒருவர் என்னை அடையாளம் கண்டு சொன்னார். ஒரே வாரத்தில் மூன்று வீடும் நின்றுபோயின. ஒரு வீட்டில் அந்த மாதச் சம்பளத்தைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிடு என்று சொல்கிற ஊரே விட்டவளை உள்ளே சேர்ப்பதில்லை. தொழிலுக்கு வந்தபோது இருந்த கடன் ஒன்று, தொழிலில் இருந்ததால் ஏறிய கடன் இன்னொன்று.

மும்பையின் காமாட்டிபுரம், கொல்கத்தாவின் சோனாகாச்சி போல நம் ஊர்களில் தனித் தெரு கிடையாது. அங்கே அடிவாங்கினால் பக்கத்து அறையில் கேட்கும். சோனாகாச்சியில் பெண்கள் 1995-இல் தங்களுக்கென்று ‘துர்பார்’ என்ற அமைப்பையும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும்கூட உண்டாக்கினார்கள். இங்கே நாங்கள் எல்லோருடைய தெருவிலும் ஒளிந்து வாழ்கிறோம். அந்த ஒளிவுக்கு மாதாமாதம் விலை உண்டு. நாலாயிரம் ரூபாய் வீட்டுக்கு நான் ஏழாயிரம் கொடுத்தேன், வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும் என்பதற்காக. புரோக்கருக்கு ஒரு பங்கு, வாய் திறக்காமல் இருக்க ஆட்டோக்காரருக்கு ஒரு பங்கு. வந்தவன் பணம் தராமல் போனாலும், கையை முறுக்கி ஒடித்தாலும், புகார் கொடுத்தால் என் பெயரல்லவா வெளியே வரும்? ஒடிந்த கைக்குக் கட்டுப்போடப் போன மருத்துவமனையில் கீழே விழுந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் கண்டறியப்பட்டது, சென்னையில் எங்களைப் போன்ற பெண்களின் இரத்த மாதிரிகளில்தான். அன்றிலிருந்து நோயைப் பரப்புகிறவர்கள் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்களுக்கு நோய் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. பிறகு அரசுத் திட்டமே எங்கள் கையில் ஆணுறைகளைக் கொடுத்து விநியோகிக்கச் சொன்னது. பையில் அவை இருந்ததைக் காட்டியே ரெய்டில் எங்கள் மீது கேஸ் எழுதினார்கள். அதற்குப் பயந்து ஆணுறை இல்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் இருவர் இப்போது இல்லை.

ஆசிரியை அம்மா, ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண்ணைக் கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பித் தனியாக முன் வரிசைக்குக் கொண்டுவராதீர்கள். வகுப்பு முழுவதையும் இடம் மாற்றி உட்கார வையுங்கள். அவளுக்காகவே செய்தது என்று தெரிந்தால் அதுவும் ஓர் அடையாளமாகிவிடும். அவளுடைய தாயைப் பற்றி வகுப்பில் எதையும் பேச வேண்டாம்.

பதில் 4 – ஓய்வு பெற்ற நாளிதழ்த் துணையாசிரியர்

இருபது ஆண்டுகள் செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்து இத்தகைய தலைப்புகளை நானும் எழுதியிருக்கிறேன். காவல் நிலையத்திலிருந்து செய்தி வரும். ‘அழகி’ என்று போட்டால் கடையில் விற்கும் என்று மேலிடத்தில் சொல்வார்கள். அதே சோதனையில் பிடிபட்ட ஆண்களை ‘அழகர்கள்’ என்று எவரும் எழுதியதில்லை. பெரும்பாலும் அவர்களின் படமும் வந்ததில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் என்பது மதிப்புக்குரிய சொல்லாக இருந்தது. இன்று அதே சொல் தெருச் சண்டையில் எந்தப் பெண்ணின் மீதும் எறியப்படும் வசையாகிவிட்டது. நம் மொழியில் அந்தப் பெண்களைச் சொல்லும் சொற்களுக்கு இப்படி நேர்ந்ததில் என் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு, அதற்காக வருந்துகிறேன். அம்மா, அந்த நாளிதழின் ஆசிரியருக்கு 2022 வழிகாட்டுதலை மேற்கோள் காட்டி எழுதுங்கள். இணையப் பதிப்பிலிருந்து படத்தையாவது நீக்கச் சொல்லுங்கள். கடிதத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

கரும்பலகை

அனைவருக்கும் நன்றி. வழிகாட்டுதலின் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, பெற்றோரிடம் தாமே பேசுவதாகச் சொன்னார். எத்தனை பேர் கேட்பார்கள் என்று தெரியவில்லை. இருவர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். வகுப்பு முழுவதும் இடம் மாற்றிவிட்டேன். தாய்க்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. எங்கே கேட்டாலும் தெருவின் பெயரைச் சொன்னவுடன் மறுக்கிறார்கள். துணையாசிரியர் ஐயா, கடிதத்துக்குத் தேவையான விவரங்களைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

களப்பணியாளர் அம்மாவிடம் ஒரு கேள்வி. உதவித்தொகைப் படிவத்தில் பெற்றோரின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நேற்று அந்தப் பெண் அதை மட்டும் நிரப்பாமல் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் என்ன எழுதட்டும்?

களப்பணியாளர்

‘கூலி’ என்று எழுதுங்கள் அம்மா. என் மகனுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதைத்தான் எழுதினேன். வீட்டுக்கு நான் இரண்டு இடத்தில் சொல்லிப் பார்க்கிறேன். தாயின் எண்ணை அவரிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனியாக அனுப்புங்கள்.