மறு: விளையாட்டரங்கத் திட்டமும் அக்கம்பக்கத்தாரும் – ஒரு சொல்லா, இரண்டா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். அரங்கம் கட்ட நினைக்கும் கிளப் அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதற்கு (ஆங்கிலத்தில் consultation) நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற உங்கள் கேள்விகளுக்கு என் பதில் இது.

> அரங்கம் கட்ட அனுமதி கேட்பதற்கு முன் குடியிருப்போரிடம் பேசுவதைக் 'கலந்தாய்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

தமிழ்நாட்டில் கலந்தாய்வு என்றதும் பொறியியல் சேர்க்கையும் ஆசிரியர் இடமாறுதலும்தான் நினைவுக்கு வரும். வேரூன்றிய சொல்லை அங்கிருந்து பிடுங்க வேண்டாம்.

> அப்படியானால் 'கருத்துக்கேட்பு'?

இதைத்தான் வலுவாக மறுக்கிறேன். திட்டம் உருவாகி, விண்ணப்பமும் போன பிறகு நடப்பது கருத்துக்கேட்பு. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பைக் கட்டிவிட்டு, ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள் என்று குறைந்தது 21 நாள் தவணை கொடுக்கிறதே, அதற்கு இந்தச் சொல் கச்சிதம். விண்ணப்பத்துக்கு முன்பே கிளப் வரைபடத்தை மேசையில் விரித்து, வாயில் எந்தப் பக்கம், ஆட்ட நாளில் கார்கள் எந்தத் தெருவில் நிற்கும், கூட்டம் கலைந்து போகும் வழி எது என்று தெருக்காரர்களைக் கேட்பது வேறு காரியம். அங்கே வரைபடத்தின் கோடுகளை இன்னும் அழித்துப் போடலாம்.

லிவர்பூலில் எவர்ட்டன் கால்பந்து கிளப் பிராம்லி-மூர் கப்பல்துறையில் புதிய அரங்கம் கட்ட முனைந்தபோது, 2018இல் ஒரு சுற்று மக்களிடம் பேசியது. 2019இல் வடிவமைப்பைக் காட்டி மறுபடியும் பேசியது. இரண்டாம் சுற்றில் மட்டும் 43,000 பேருக்கு மேல் பதில் தந்தார்கள். விண்ணப்பம் போனது அதற்குப் பிறகு, 2019 டிசம்பரில். அனுமதி கிடைத்தது 2021 பிப்ரவரியில். விண்ணப்பத்துக்கு முன், பின் என்ற இரு கட்டங்களுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கம்பத்தில் தாளைக் கட்டியவரும் 'மக்களைக் கேட்டுவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிரிட்டிஷ் நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டில் கறாராக இருக்கின்றன. 1985இல் பிரென்ட் நகர மன்றத்துக்கு எதிரான கன்னிங் வழக்கில் வந்த நான்கு நிபந்தனைகளில் முதலாவதே, திட்டம் இறுகுமுன் கேட்க வேண்டும் என்பது. போதிய விவரம் தருவது, போதிய அவகாசம் தருவது, வந்த பதில்களை மனம்வைத்துப் பரிசீலிப்பது ஆகியவை மற்ற மூன்றும். 2014இல் உச்ச நீதிமன்றமும் இவற்றை ஏற்றது. அரசு அமைப்புகளுக்கான விதிதான், கிளப்புகளுக்கு அல்ல. ஆனாலும் நம் வரையறைக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஆகவே என் பரிந்துரை: முதல் கட்டத்துக்கு 'கலந்தாலோசனை', இரண்டாவதற்குக் 'கருத்துக்கேட்பு'. 'யாரையும் கலக்காமல் முடிவெடுத்துவிட்டான்' என்று இன்றும் பேசுகிறோம். முடிவுக்கு முந்தையது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது.

> 'இணக்கப் பேச்சு' இன்னும் எளிமையாக இல்லையா?

எளிமைதான், ஆனால் வராத முடிவுக்கு முன்கூட்டியே உறுதியளிக்கிறது. விம்பிள்டன் பூங்காவின் பழைய கோல்ஃப் மைதானத்தில் 39 டென்னிஸ் ஆடுகளங்கள் அமைக்கும் திட்டத்தைப் பாருங்கள். 2023இல் மெர்ட்டன் மன்றம் ஏற்றது, வாண்ட்ஸ்வர்த் மன்றம் நிராகரித்தது. 2024 செப்டம்பரில் லண்டன் துணை மேயர் அனுமதி தந்தார். குடியிருப்போர் நீதிமன்றம் போனார்கள். 1993இல் அந்த நிலத்தை விற்றபோதே கட்டடம் கட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்காட்சி வைத்து இணங்கவைக்க முடியாது. கலந்தபின்னும் மறுக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. சொல் அதை மறைக்கக் கூடாது.

அரங்கம் திறந்தபின் தொடரும் வேலைக்கு, அதாவது இரைச்சல், குப்பை, வண்டி நிறுத்தம் பற்றிய புகார்களை ஏற்றுப் பதில் சொல்வதற்கு, 'அயலுறவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வெளிநாட்டு விவகாரமாகிவிடும். இலங்கைத் தமிழில் அன்றாடம் வழங்கும் 'அயலவர்' நமக்கு இருக்கிறதே: 'அயலவர் தொடர்பு'.

பதிவு இப்படி இருக்கலாம்:

கலந்தாலோசனை: மாற்றத்துக்கு இடமிருக்கும் கட்டத்தில், திட்டத்தால் பாதிக்கப்படக்கூடிய அயலவரிடம் விவரம் தந்து, அவகாசம் கொடுத்து, அவர்கள் சொல்வதைத் திட்டத்தில் பரிசீலித்தல்.

'பாதிக்கப்படக்கூடிய' என்பதில் வாடகைக்குக் குடியிருப்போரும் கடை வைத்திருப்போரும் அடங்குவார்களா, வெளிப்படையாகவே எழுதிவிடலாமா என்பதைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும்.