‘நம்ம டேட்டாபேஸுக்கு ஓட்டுப் போடுங்க’ என்று இணைப்பைச் சுற்றுக்கு விடுவதால் பயன் உண்டா?

அட்டவணைப்பிரியன் (கேள்வி)

வணக்கம். ‘உங்களுக்குப் பிடித்த ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் எது?’ என்று எங்காவது ஒரு வாக்கெடுப்பு ஆரம்பித்தால் போதும், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் குழுக்களில் ‘நாம பின்னாடி இருக்கோம், போய் ஒரு குத்து குத்துங்க’ என்று இணைப்பு வந்துவிடுகிறது. மரியாடிபி, ஃபயர்பேர்ட் ஆட்களும் இதையேதான் செய்கிறார்கள்.

இப்படி ஆள் சேர்த்து ஓட்டுப் போடுவதால் அந்த மென்பொருளுக்கு உண்மையில் ஏதாவது நன்மை உண்டா? டிபி-எஞ்சின்ஸ் தரவரிசை, ஸ்டேக் ஓவர்ஃப்ளோ (நிரலாளர்களின் கேள்வி-பதில் தளம்) சர்வே, டாக்கர் ஹப் (ஓடத் தயாரான மென்பொருள் ‘இமேஜ்’களை இறக்கும் தளம்), டெபியன் பாப்கான் (டெபியன் லினக்ஸில் எந்த மென்பொருள் பொதி எத்தனை இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு) எல்லாம் ஆளுக்கொரு வரிசை சொல்கின்றனவே, மேலதிகாரியிடம் எதைக் காட்டுவது? இன்னொன்று: சுமார் 200 பேர் உள்ள பயனர் குழுவில் நாங்களே ஒரு கணக்கெடுப்பு நடத்தப் போகிறோம். அதைச் சரியாக நடத்துவது எப்படி?

பின்முனை

முதலில் தரவரிசைகள். ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது. அதனால்தான் வரிசை மாறுகிறது, யாரும் ஏமாற்றவில்லை.

டிபி-எஞ்சின்ஸ் மாதாமாதம் வருவது. அதில் எத்தனை சர்வரில் ஓடுகிறது என்ற கணக்கே கிடையாது, அவர்களே அதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். தேடுபொறியில் எத்தனை பக்கங்களில் பெயர் வருகிறது, கூகுள் ட்ரெண்ட்ஸில் தேடல் எவ்வளவு, ஸ்டேக் ஓவர்ஃப்ளோ போன்ற இடங்களில் எத்தனை கேள்விகள், வேலை விளம்பரங்கள், லிங்க்ட்இன் சுயவிவரங்கள், சமூக ஊடகப் பேச்சு ஆகியவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சராசரி எடுக்கிறார்கள். ஆக அது ‘எவ்வளவு பேசப்படுகிறது’ என்பதன் அளவு. 20 வருடம் பேசப்பட்ட பெயர் சீக்கிரம் கீழே இறங்காது. ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர், அதற்கு அடுத்து நான்காவதாகப் போஸ்ட்கிரெஸ் என்ற வரிசை பல வருடமாக அசையாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

அவர்களே தரும் ‘ஆண்டின் சிறந்த டேட்டாபேஸ்’ பட்டம் 2017, 2018, 2020, 2023 ஆண்டுகளுக்குப் போஸ்ட்கிரெஸுக்குக் கிடைத்தது. நான்காம் இடத்தில் இருப்பதற்கு எப்படிப் பட்டம்? ஒரு ஜனவரியிலிருந்து அடுத்த ஜனவரிக்குள் யாருக்கு அதிகப் புள்ளி கூடியதோ அவருக்குத்தான் அது. ‘முதலிடம்’ என்று சுவரொட்டியில் போட்டுவிடாதீர்கள், விவரம் தெரிந்தவர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

ஸ்டேக் ஓவர்ஃப்ளோ சர்வேயில் பதில் சொல்பவர் தாமாக வந்தவர். 2022 முடிவைப் பாருங்கள். எல்லோரையும் சேர்த்தால் மைஎஸ்கியூஎல் சுமார் 47%, போஸ்ட்கிரெஸ் சுமார் 44%. தொழில்முறை நிரலாளர்களை மட்டும் எடுத்தால் போஸ்ட்கிரெஸ் 46.5%, மைஎஸ்கியூஎல் 45.7%. ஒரே சர்வே, ஒரே வருடம், வகுக்கும் எண்ணை மாற்றினால் ஜெயித்தவர் மாறுகிறார். படித்துக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் மைஎஸ்கியூஎல்லில்தான் தொடங்குகிறார்கள். 2023-ல் மொத்தக் கணக்கிலும் போஸ்ட்கிரெஸ் முந்திவிட்டது. பல விடைகளைத் தேர்வு செய்யலாம் என்பதால் கூட்டினால் 100-ஐத் தாண்டும். ‘மீதி 50% பேர் வேறு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்’ என்று படிப்பது தப்பு.

டாக்கர் ஹப் இறக்க எண்ணிக்கையை எங்கும் காட்டவே வேண்டாம். தானியங்கிச் சோதனை ஓடும் ஒவ்வொரு முறையும் இமேஜ் மறுபடி இறங்கலாம். ஒரு நாளைக்கு 50 முறை கமிட் செய்யும் (நிரல் மாற்றத்தைப் பதியும்) ஒரே குழு 50 ‘பயனர்’ ஆகிவிடும். தவிர, பிரபலமான இமேஜ்கள் எல்லாமே ‘100 கோடிக்கு மேல்’ என்று ஒரே மாதிரி காட்டுவதால் ஒப்பிடவும் முடியாது.

கூகுள் ட்ரெண்ட்ஸ் எடுத்தால் ‘தேடல் சொல்’லாக எடுக்காமல் ‘தலைப்பு’ ஆக எடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்றும் இரண்டு பெயரில் தேடுகிறார்கள். ஒன்றை மட்டும் போட்டால் பாதி காணாமல் போகும். ஃபயர்பேர்டுக்கு நேர்மாறான பாடு, அந்தப் பெயரில் அமெரிக்கக் கார் ஒன்றும் இருக்கிறது. அங்கே வரும் 0 முதல் 100 வரையான எண்ணும் நீங்கள் தேர்ந்த காலத்துக்கும் ஊருக்கும் உட்பட்ட ஒப்பீடு மட்டுமே.

எண்ணிக்கைக்கும் தரவரிசைக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு எஸ்கியூலைட் ஒன்றே போதும். பயன்பாட்டில் உள்ள எஸ்கியூலைட் தரவுத்தளங்கள் ஒரு லட்சம் கோடிக்கு மேல் இருக்கலாம் என்பது அதை உருவாக்கியவர்களின் மதிப்பீடு. உங்கள் கைப்பேசியிலேயே நூற்றுக்கணக்கில் கிடக்கும். டிபி-எஞ்சின்ஸில் முதல் ஐந்தில்கூட அது இல்லை.

மேலதிகாரிக்கு எது? எந்தத் தரவரிசையும் வேண்டாம் என்பேன். ஆதரவுக் காலம், உரிமம், யார் கையில் திட்டம் இருக்கிறது, இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் திருத்தப் பதிப்புகள். ஒரே நிறுவனத்தின் சொத்து அல்ல. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் உரிமத்தை மாற்றியபோது அதன் புகழில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் வால்கீ என்ற கிளைத் திட்டம் அதிலிருந்து பிரிந்து வந்தது. எந்த வாக்கெடுப்பிலும் அது முன்கூட்டித் தெரிந்திருக்காது.

சிறகுகள்

பின்முனை சொல்றது போஸ்ட்கிரெஸ் மாதிரி பெரிய திட்டத்துக்குச் சரி. சின்னத் திட்டத்துக்கு அப்படியே பொருந்தாதுங்க. ஃபயர்பேர்ட் மாதிரி ஒண்ணு பட்டியல்லயே இல்லாம ‘மற்றவை’க்குள்ள போயிடுச்சுன்னா, அந்த முடிவை வச்சு எழுதுற எல்லாக் கட்டுரையிலயும் காணாமப் போயிடும். அதைப் பார்த்து கருவி செய்றவங்க டிரைவர் (டேட்டாபேஸோட இணைக்கிற நிரல்) ஆதரவை நிறுத்துவாங்க. பெயர் கண்ணுல படறதே அங்க பெரிய விஷயம்.

ஆனா அதுக்கு ஓட்டுக் கேக்கறது வழி இல்ல. வாக்கெடுப்பு திறக்கறதுக்கு முன்னாடியே நடத்துறவருக்கு நாலு வரி எழுதணும்: பட்டியல்ல பெயரைச் சேருங்க, எழுத்துப்பிழை இல்லாம சேருங்க, மைஎஸ்கியூஎல்லையும் மரியாடிபியையும் ஒரே கட்டத்துல போடாதீங்க. பாதி ஓடின பிறகு பெயரைச் சேத்தா அந்த எண் எதுக்கும் உதவாது, முதல்ல வந்தவங்க அந்தப் பெயரையே பாத்திருக்க மாட்டாங்க.

கூட்டமாத் திரளறது எப்பப் பலிக்கும்னா, ஒரே கோரிக்கை, அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் இருக்கும்போது. 2003-ல மொசில்லா தன் உலாவிக்கு ஃபயர்பேர்ட்னு பேர் வச்சாங்க. டேட்டாபேஸ் ஆட்கள் விடாம எதிர்ப்புத் தெரிவிச்சாங்க, 2004 பிப்ரவரியில அது ஃபயர்ஃபாக்ஸ் ஆச்சு. மறுபக்கம், சன் நிறுவனத்தோட சேர்ந்து மைஎஸ்கியூஎல் ஆரக்கிள் கைக்குப் போறதை எதிர்த்து 2009 கடைசியில ஆயிரக்கணக்கான பேர் கையெழுத்துப் போட்டாங்க. ஆரக்கிள் 10 வாக்குறுதி குடுத்துச்சு, 2010 ஜனவரியில ஐரோப்பிய ஆணையம் அனுமதிச்சிடுச்சு. மிஞ்சினது கையெழுத்து இல்ல, மரியாடிபின்னு தனியாப் பிரிச்சு எடுத்த நிரல்தான்.

கணக்குப்பிள்ளை

200 பேர் கணக்கெடுப்புக்கு வருகிறேன்.

‘எது பிடிக்கும்’ என்று கேட்காதீர்கள். ‘கடந்த 30 நாளில், உங்கள் பொறுப்பில் உள்ள, நிஜ வேலைக்கு ஓடும் உற்பத்திச் சர்வர்களில் எவை ஓடின? பெரிய பதிப்பு எண் என்ன?’ என்று கேளுங்கள். பதிப்பு எண் கேட்டால் இரண்டு லாபம். விசிறிகள் சும்மா குத்திவிட்டுப் போக முடியாது, ஆதரவு முடிந்த பதிப்பில் எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பு அங்கேயே கிடைக்கும்.

சர்வர் எண்ணிக்கையை 1, 2–10, 11–100, 100-க்கு மேல் என்று கட்டமாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் 300 சர்வர் பார்ப்பவரும் கல்லூரித் திட்டம் செய்பவரும் ஒரே எடையில் நிற்பார்கள். விடைகளின் வரிசை ஒவ்வொருவருக்கும் மாறி வரட்டும், முதலில் இருப்பதற்குச் சும்மாவே ஓட்டு விழும். ‘நானே தேர்ந்தெடுத்தேன் / ஏற்கெனவே இருந்தது / பயன்படுத்தும் மென்பொருள் கேட்டது’ என்று ஒரு கேள்வி கட்டாயம் வையுங்கள். வேர்ட்பிரஸ் தளம் நடத்துபவர் மைஎஸ்கியூஎல்லையோ மரியாடிபியையோ விரும்பித் தேர்ந்தெடுத்தவர் அல்ல, வேர்ட்பிரஸ் அதைத்தான் கேட்கிறது.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒருமுறை மட்டுமே செல்லும் தனி இணைப்பு அனுப்புங்கள். பொது இணைப்பு வெளியே கசிந்த அன்றே கணக்கெடுப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுத் தேதியை முன்பே அறிவியுங்கள், நடுவில் நிலவரம் காட்டாதீர்கள். ‘பின்னாடி இருக்கோம்’ என்ற கூப்பாடு நிலவரம் தெரிவதால்தான் பிறக்கிறது. எல்லோருக்கும் அனுப்பும் முன் ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள், புரியாத கேள்வி அதிலேயே தெரிந்துவிடும்.

வெளியிடும்போது ‘200 பேரில் 64 பேர் பதில், அதில் 41 பேர்’ என்று ஆள் கணக்காகவே எழுதுங்கள். பிழை வரம்பு என்று ஒன்றைக் கணக்குப் போட்டு ஒட்ட வேண்டாம். 400 பேருக்கு ±5% என்ற சூத்திரம் குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்குத்தான். தாமாக வந்தவர்கள் 4,000 பேர் ஆனாலும் அது பொருந்தாது.

அட்டவணைப்பிரியன்

ரொம்ப நன்றி. பாப்கானை யாரும் விளக்கவில்லையே? அதில் மரியாடிபி சர்வர் மைஎஸ்கியூஎல் சர்வரைவிட மிக மேலே இருக்கிறது. வேறு எங்கும் அப்படி இல்லை. அப்புறம், ஓட்டு வேண்டாம் என்றால் ஆர்வமாக இருக்கும் நாலைந்து பேரை வைத்து என்னதான் செய்வது?

பின்முனை

பாப்கான் விஷயம் எளிது. டெபியன் 9-லிருந்து, அதாவது 2017-லிருந்து, ‘இயல்பான மைஎஸ்கியூஎல் சர்வர்’ பொதியை நிறுவினால் இறங்குவது மரியாடிபிதான். நிறுவியவரில் பலர் தாங்கள் மைஎஸ்கியூஎல் ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் மூன்று பொறிகள். பாப்கான் விருப்பப்பட்டு இயக்கினால்தான் வேலை செய்யும். நிறுவனச் சர்வர்களில் பெரும்பாலும் இயக்க மாட்டார்கள், கன்டெய்னருக்குள் அது இருக்கவே இருக்காது. ‘நிறுவியது’, ‘பயன்படுத்துவது’ என்று இரண்டு நெடுவரிசை உண்டு. ‘பயன்படுத்துவது’ என்பது, கோப்பைக் கடைசியாக எப்போது தொட்டார்கள் என்ற நேரத்தை வைத்துச் சொல்வது. அந்த நேரத்தைப் பதியாதபடி வட்டை ஏற்றியிருந்தால் தப்பாக வரும். மூன்றாவது, போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்பும் தனிப் பொதி. அவற்றைக் கூட்டக்கூடாது, பதிப்பு மாற்றும்போது ஒரே இயந்திரத்தில் இரண்டும் இருக்கும்.

ஒற்றெழுத்து

நாலைந்து பேர் என்றால் தாராளம். போஸ்ட்கிரெஸையே எடுத்துக்கொள்வோம்.

நிரல் தெரிந்தவர் இருந்தால் பேட்ச் (நிரல் திருத்தம்) சரிபார்ப்பில் உட்காருங்கள். ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று வருடத்துக்கு 5 கமிட்ஃபெஸ்ட், அதாவது வந்த பேட்ச்களைச் சரிபார்க்கும் சுற்று. பேட்ச் எழுத ஆள் உண்டு, சரிபார்க்கத்தான் பஞ்சம். பேட்ச் ஒட்டுகிறதா, தொகுக்கிறதா, சோதனைகள் தேறுகின்றனவா, ஆவணம் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதினாலே அது மதிப்புள்ள சரிபார்ப்பு. சி மொழி ஆழமாகத் தெரிய வேண்டியதில்லை.

நிரல் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பு. பழைய பதிப்புகளில் லிப்பிக்யூவுக்கும் (மற்ற நிரல்கள் போஸ்ட்கிரெஸோடு பேச உதவும் நூலகம்) சில கருவிகளுக்கும் தமிழ்ச் செய்திகள் இருந்தன. புதிய செய்திகள் சேரச் சேர யாரும் தொடராததால் விடுபட்டுப் போயின. ஒரு கோப்பில் 80% முடியாவிட்டால் வெளியீட்டில் சேர்க்க மாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொடாமல், சிறிய கருவி ஒன்றை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தமிழில் வழக்கமாகச் சறுக்கும் இடம் இடக்குறிகள், அதாவது செய்தியில் பெயரோ எண்ணோ வந்து உட்கார விட்டுவைக்கும் %s, %d போன்ற குறிகள். ஆங்கிலத்தில் முதலில் வரும் கோப்புப் பெயர் தமிழ் வாக்கியத்தில் இரண்டாவதாகப் போகும், வினை கடைசிக்குப் போகும். வரிசையை மாற்றினால் இடக்குறிகளுக்கு எண் போட வேண்டும். போடாமல் விட்டால் எண் வர வேண்டிய இடத்தில் பெயர் வந்து நிரல் கவிழும். அனுப்பும் முன் கெட்டெக்ஸ்ட் (மொழிபெயர்ப்புக் கோப்புகளைக் கையாளும் கருவி) சரிபார்ப்பை ஓட்டுங்கள், பிடித்துக் கொடுத்துவிடும். வேற்றுமை உருபை இடக்குறியோடு ஒட்டாதீர்கள். ‘கோப்பு:’ என்று எழுதிவிட்டுப் பெயரைத் தனியே விட்டால் எந்தப் பெயர் வந்தாலும் சந்தி கெடாது.

இன்னொன்று, தமிழர்கள் மட்டுமே செய்யக்கூடியது. 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து முழு உரைத் தேடலில் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பு இருக்கிறது. உங்கள் துறைச் சொற்களில் 500 எடுத்து, ‘வீடு, வீட்டில், வீடுகளுக்கு’ போல உருபு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஒன்றாக வர வேண்டியவை பிரிந்தால் ஒரு பட்டியல், வேறு வேறு சொற்கள் ஒன்றாகிவிட்டால் இன்னொரு பட்டியல். இந்த நிரல் ஸ்னோபால் என்ற தனி வேர்ச்சொல் திட்டத்திலிருந்து வருகிறது. புகாரை அங்கேதான் கொடுக்க வேண்டும், போஸ்ட்கிரெஸ் அஞ்சல் குழுவில் போட்டால் அங்கே போகச் சொல்வார்கள்.

கூட்டம் நடத்துவதாக இருந்தால் பெயர் வைக்கும் முன் வணிகக்குறி விதிகளைப் படியுங்கள். போஸ்ட்கிரெஸ் பெயரும் யானைச் சின்னமும் கனடாவில் பதிவான போஸ்ட்கிரெஸ்கியூஎல் சமூகச் சங்கத்தின் பொறுப்பில் உள்ளன. பேனர் அச்சடித்த பிறகு மாற்றுவது வீண் செலவு.

சிறகுகள்

இடக்குறி பத்தி ஒற்றெழுத்து சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஒருமை, பன்மை ரெண்டு வடிவம் கேக்கும் செய்திகள்ல ஒருமை வரியில ‘ஒரு’ன்னு எழுத்துல போட்டுட்டு இடக்குறியை விட்டுடறாங்க. தமிழுக்கு அது வாசிக்க நல்லா இருக்கும், சில செய்திகள்ல சரிபார்ப்பு ஒத்துக்காது. எண்ணாவே விட்டுடுங்க.