வயநாடு போய் வந்த பசங்களை உட்கார வைத்துப் பேச வைக்கலாமா?

கூடலூர்க்காரன்:
2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குச் சூரல்மலை போன தன்னார்வலர் குழுவில் நானும் இருந்தேன். யாரையாவது உயிரோடு மீட்போம் என்றுதான் கிளம்பினோம், அப்புறம் நிலம்பூர் பக்கம் சாலியாற்றில் ஒதுங்கியதைத் தூக்குவதே வேலையாகிவிட்டது, பாதி முழு உடல்கூட இல்லை. திரும்பி வந்து ஒரு மாதம் தாண்டியும் சாயங்காலம் டீக்கடையில் கூடினால் அதை வைத்தே கிண்டல், சிரிப்பு. வெளியாள் கேட்டால் அடிக்க வருவான். ஒருத்தன் மட்டும் கூட்டத்துக்கே வருவதில்லை. எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, பார்த்ததை ஆளாளுக்கு முழுசாகச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

வார்டு நர்ஸ்:
வேண்டாம். இது டீப்ரீஃபிங். தீயணைப்பில் வேலை பார்த்த ஜெஃப்ரி மிட்செல் 1983இல் எழுதிய முறையிலிருந்து பரவியது. நல்ல எண்ணம்தான், ஆனால் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது பிற்பாடு வரும் மனப் பாதிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை, உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றே சொல்கிறது. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால், கரையில் நின்றவன் ஆற்றில் இறங்கியவன் பார்த்ததையும் சேர்த்துச் சுமப்பான்.

ஓய்வுபெற்ற ஃபயர்மேன்:
கிண்டலை விடுங்க தம்பி. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் உடல் எடுத்தோம், இதைவிட மோசமாகச் சிரித்திருக்கிறோம். ஆனால் பேசவே வேண்டாம் என்று விட்டால் அது பாட்டிலில் போய் நிற்கும், எங்களில் சிலருக்கு நின்றது. வராத பையன் வீட்டுக்குக் கும்பலாகப் போகாமல் ஒருத்தர் மட்டும் போங்க, அந்தப் பேச்சை எடுக்காமல் வண்டி கழுவ, சாமான் ஏற்ற என்று ஏதாவது வேலைக்குக் கூப்பிடுங்க.

வார்டு நர்ஸ்:
பேசக்கூடாது என்று சொல்லவில்லை ஐயா, கட்டாயம் கூடாது என்கிறேன். தூக்கமில்லை, சாப்பிட உட்கார்ந்தால் அந்த வாடை வருகிறது, குடி ஏறுகிறது, இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்க. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

கூடலூர்க்காரன்:
சரி, ஞாயிறு நான் மட்டும் போகிறேன். "அங்கே அப்படி என்னதான்டா பார்த்தீங்க" என்று அவன் அம்மா கேட்பாங்களே?

ஓய்வுபெற்ற ஃபயர்மேன்:
பார்த்ததை அவன்தான் சொல்லணும், நீங்க சொல்லாதீங்க. இப்படித் தூக்கம் கெடுவது எங்க எல்லோருக்கும் நடந்ததுதான் அம்மா, அவனைத் திட்டாதீங்க என்று மட்டும் சொல்லுங்க.